மத்தியானம் எங்கேஜ்டு

மந்தைவெளியில் நாங்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அண்ணன் இன்ஜினியர் ஆகப்போகிறான் என்று அப்பா முடிவு செய்திருந்தார்; அதற்கான முன்னேற்பாடு அது. ஹாலில் சாமி படங்களுக்கு நேர் எதிரே வைத்தோம். அம்மா பழைய திரைச்சீலையை வெட்டி அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். முதல் ஒரு வாரம் அப்பா பூஜை முடிந்ததும் கற்பூரத் தட்டை அதன் பக்கமும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்பினார்.

‘நெட்டுக்குப் போவது’ என்று இப்போது என் மகனிடம் சொன்னால் அவனுக்குப் புரிவதில்லை. அவன் எப்போதும் அதற்குள்ளேயே இருக்கிறான். நாங்கள் உண்மையிலேயே போனோம், திரும்பி வந்தோம். போவதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெட்டும் டெலிஃபோனும் ஒரே கம்பியில் வந்தன. மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒரு வழியாக அடங்கும். யாராவது மறந்துபோய் ரிசீவரை எடுத்தால் எல்லாம் அறுந்துவிடும். படங்கள் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கும். நெற்றி வந்ததுமே இது யாருடைய முகம் என்று அண்ணனும் நானும் பந்தயம் கட்டுவோம். விளையாட்டுகளும் எளிமையானவை. நாலு அம்புக்குறி, ஒரு ஸ்பேஸ் பார். தோற்றால் தோற்றதுதான். தோற்றவனிடம் யாரும் எதையும் விற்க வரமாட்டார்கள்.

மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்து வாங்கிய இணைப்பு அது. ஆளுக்கு அரைமணி என்பது அப்பாவின் சட்டம். மூன்றாவது மாதத்தில், இருபதாம் தேதிக்கெல்லாம் நேரம் தீர்ந்துபோனது. அண்ணன் என்னைச் சொன்னான், நான் அவனைச் சொன்னேன். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதியே தீர்ந்தது. அண்ணனுக்கு இரண்டு அடி விழுந்தது. இன்ஜினியர் ஆகப்போகிறவன் என்பதால் சந்தேகம் முதலில் அவன்மேல்தான் போயிற்று. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் அப்பா இன்னொன்றையும் கவனித்தார். தி.நகரில் அவருடைய ஆபீசிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு எப்போது ஃபோன் செய்தாலும் எங்கேஜ்டு டோன் வந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார்.

“ரெண்டு மணிக்கு மேல ஃபோன் கிடைக்கவே மாட்டேங்குதே. யார்கிட்ட பேசிட்டு இருக்கே?”

“யார்கிட்டயும் இல்லீங்க. ரிசீவர் சரியா உக்கார்ல போல.”

 அப்பா ரசத்துக்கு வராமல் நேராக மோருக்குப் போனார். அவருக்குக் கோபம் என்றால் ரசத்தைத் தாண்டிவிடுவார்.

நவம்பர் மாதம் ஒரு நாள் மழையில் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் வந்து, மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, வாசலில் இஸ்திரி வண்டிக்குப் பிளாஸ்டிக் தாள் கட்டிக்கொண்டிருந்தவர், “இன்னா பாப்பா, ஸ்கூல் லீவு உட்டாங்களா? மேல போ, அம்மா ஊட்லதான் கீது” என்றார்.

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. அம்மா எனக்கு முதுகு காட்டிக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருந்தாள். ஈரக் கூந்தலைத் துண்டால் முடிந்திருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது, நாற்காலியில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என்னை நிறுத்தியது அதுவல்ல. அம்மா டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பத்து விரலாலும், கீழே பார்க்காமல். அண்ணனும் நானும் இரண்டு விரலால் எழுத்துகளைத் தேடிக் கொத்துகிறவர்கள். அம்மா கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலியில் டைப்ரைட்டிங் ஹயர் பாஸ் செய்தவள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். பிறகு, தப்பு செய்தது நானா அவளா என்று இருவருக்குமே தெளிவில்லாத ஒரு நிமிடம் கழிந்தது.

“வா, வந்து பாரு” என்றாள்.

திரையில் ஒரு பலகை. இரண்டு வரிசைக் குழிகள், குழிக்குள் நிறம் நிறமாக விதைகள்.

“பல்லாங்குழிதான். நம்மளுது ஏழு குழி, இதுல ஆறு. ஓரத்துல பெரிய குழி இருக்கு பாரு, ஜெயிக்கிறதையெல்லாம் அதுல போட்டுக்கணும்.”

அண்ணன் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்தே இணைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எதையோ தேடப்போய் இந்தப் பலகையைக் கண்டிருக்கிறாள். அந்தத் தளத்தில் அம்மாவின் பெயருக்கு முன்னால் இருந்த இனிஷியல் அப்பாவுடையது அல்ல, அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது. தப்பாகப் போட்டிருக்கிறாய் என்று சொன்னேன். “இருக்கட்டும்” என்றாள்.

எதிரே ஆடியது மொம்பாசாவிலிருந்து ஒருவர். ஆப்பிரிக்காவின் கடற்கரையில் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அண்ணனின் அட்லசில் அம்மா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அங்கேயும் இதை ஆடுகிறார்களாம். தினமும் ஒரே நேரத்துக்கு இருவரும் வருவார்களாம். முதலில் ‘ஹலோ’, கடைசியில் ‘நல்ல ஆட்டம்’. நடுவில் என்ன எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை. விதைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பாகிட்ட சொல்லாத, என்ன” என்றாள். அவள் என்னிடம் எதையாவது கேட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்த மழைக்காலத்தில் பள்ளி சீக்கிரம் விட்டு, ஐந்தாறு மத்தியானங்கள் அப்படிக் கிடைத்தன. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஓர் ஆட்டத்தில் அம்மா தோற்கும் நிலையிலிருந்து எழுந்து, கடைசிக் குழியை எடுத்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தெரிந்த அம்மாவைவிட வயது குறைந்த யாரோ அது என்று தோன்றியது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார். குரலை உயர்த்தாததுதான் பயமாக இருந்தது. “ஒரு மாசமா கேக்கறேன். யாருன்னு மட்டும் சொல்லு” என்றார். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.  அண்ணன் பால்கனிக்குப் போய்விட்டான். அப்பா, “ஊர்லேர்ந்து உங்க அண்ணனை வரச்சொல்லிப் பேசட்டுமா?” என்று கேட்டதும் அம்மாவின் விரல்கள் நின்றன.

அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று மட்டுமே எனக்குத் தோன்றியது. “அம்மா யார்கிட்டயும் பேசலப்பா. கேம்தான் ஆடறாங்க. நெட்ல. பல்லாங்குழி” என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“யாரோட?”

“மொம்பாசால ஒருத்தரோட.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“கேக்கல” என்றாள் அம்மா.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் அந்த ஒரு மாதம் எவ்வளவு பயந்திருந்தார் என்று அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தெரிகிறது. “பல்லாங்குழியா? இதுக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முடித்து வைத்தது நான்.

அப்பா அதோடு விடவில்லை, பெருந்தன்மையாக நடந்துகொண்டார். “இதைப் போய் ஒளிச்சு ஆடணுமா? ராஜா மாதிரி சாயங்காலம் ஆடு, நாங்களும் பாக்கறோம்” என்றார். நங்கநல்லூரிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தபோது, “எங்க வீட்ல ஒரு இன்டர்நேஷனல் பிளேயர் இருக்கா” என்று அறிமுகம் செய்தார். அன்று மாலையே ஆட்டம் ஏற்பாடாயிற்று. அம்மாவைச் சுற்றி ஆறு பேர் நின்றோம். மொம்பாசா அந்த நேரத்தில் இல்லை. வேறு யாரோ ஒருவருடன் அம்மா ஆடினாள். பெரியப்பா, “அதை எடும்மா, அந்த நாலாவது குழி” என்றார். அப்பா இன்னொரு குழியைச் சொன்னார். அம்மா இருவர் சொன்னதையும் எடுத்தாள். இரண்டு ஆட்டமும் தோற்றாள். “குக்கர் வைக்கணும்” என்று எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. மத்தியானங்களில் அப்பாவுக்கு ஃபோன் உடனே கிடைத்தது. அம்மாவுக்குச் சலித்துவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்கும் எல்லா விளையாட்டும் இரண்டு மாதத்தில் சலித்துவிடும்.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் ஒரு மத்தியானம் அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்தாள். நான் இணைத்து, அந்தத் தளத்துக்குப் போனேன். அம்மாவின் பெயர் அதன் கட்டத்தில் அப்படியே இருந்தது. நுழைந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மொம்பாசாவிடமிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தது. நலமா, நிறைய நாளாகக் காணோமே, ஆபீசில் வேலை அதிகமா என்று கேட்டிருந்தது.

எந்த ஆபீஸ் என்று எனக்குப் புரியவில்லை. வேறு யாரோ என்று நினைத்துவிட்டார்கள் போலும். இரண்டு விரலால் நிதானமாக அடித்தேன். நான் அவருடைய மகள். அம்மா ஆபீஸ் போவதில்லை. வீட்டில் சமைக்கிறார்.

 பிறகு, டைப்பிங் பிரிவுக்கு அவர்தான் தலைவர் என்றும், அவருக்குக் கீழே பதினொரு பேர் வேலை செய்வதாகவும் சொன்னாரே என்று வந்தது.

இல்லை, அது தவறான தகவல் என்று எழுதினேன்.

அவருக்கு என் வணக்கத்தைச் சொல் என்று ஒரு வரி வந்தது. தளத்தை விட்டு வெளியேறியதும் திரையில் மொம்பாசாவின் பெயர் மங்கிப்போயிற்று.

அம்மா மாவுத் தூக்கோடு வந்ததும், மொம்பாசா செய்தி அனுப்பியதை ஓடிப்போய்ச் சொன்னேன். தூக்கைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“என்ன சொல்லிச்சு?”

“வணக்கம் சொல்லச் சொல்லிச்சு. உனக்குக் கீழ பதினோரு பேர் வேலை செய்றாங்கன்னு நெனச்சிட்டு இருந்திருக்காங்கம்மா. நான் சரி பண்ணிட்டேன்.”

“சரி” என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். மாவைச் சலிக்கும் சத்தம் கேட்டது.

நான்கு வாக்கியமும் ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். என்ன எழுதினாய், எப்படி எழுதினாய் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அன்று முழுக்க எனக்குக் குறையாகவே இருந்தது.