மூணாவது பிடி நிஜம்

வளைகுடாவில் முசஃபா தொழிற்பேட்டையில் ரெங்கராஜைத் தெரியாத மெக்கானிக் கிடையாது. லாரி ஸ்பேர் பார்ட்ஸ் குடோனுக்கு அவர்தான் பொறுப்பு. வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி உடம்பு. ஒரு காலத்தில் வாடிப்பட்டிப் பக்கம் கபடி ஆடியவர். ஆட்டம் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. அந்த உடம்பைப் பார்த்துத்தான் மால்களில் விழா நடத்தும் கீழக்கரை ரிபாய் அவரைத் தேடி வந்தார். பெருநாள் லீவுக்கு ஜப்பானிலிருந்து ஓய்வுபெற்ற சுமோ வீரர் ஒருவர் வருகிறாராம், அவரோடு மோத நம்மூர் ஆள் ஒருத்தர் வேண்டுமாம்.

மோத என்று சொன்னது சும்மா மரியாதைக்கு. வேலை என்னவோ விழுவதுதான். முதல் பிடியில் குட்டிக்கரணம், இரண்டாவதில் வளையத்தைச் சுற்றி ஓட்டம், மூன்றாவதில் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். என்ன குடிமுழுகிப் போகிறது என்று ரெங்கராஜும் தலையாட்டிவிட்டார். முதல் நாள் மாலே குலுங்கிச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு வீடியோவாகி மகள் சம்யுக்தாவின் வகுப்பு வாட்ஸ்அப் வரை போய்ச் சேர்ந்தது. பதினாலு வயசுப் பிள்ளை, சாப்பாட்டுத் தட்டோடு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா நளினி கெஞ்சிக் கூத்தாடி வெளியே கொண்டு வந்தபோது, அப்பா முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"எல்லாமே ஃபேக் தானேப்பா? ஒரு தடவைகூட நீங்க ரியலா ட்ரை பண்ணலையா?"

நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நாலு பேர் காலைக் கட்டினாலும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்தவன்டி உங்கப்பன் என்று சொல்ல வாய் வரை வந்தது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் மேடைக்குப் பின்னால் ரெங்கராஜ் அந்த ஜப்பான் வீரர் மொரிட்டாவைத் தேடிப் பிடித்தார். அரைகுறை இங்கிலீஷும் சைகையுமாக, போனில் மகள் படத்தைக் காட்டி, மூணாவது பிடி மட்டும் நிஜமாக இருக்கட்டும் என்று கேட்டார். மொரிட்டா சிரிக்கவில்லை. இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விதியைச் சொன்னார். கயிற்று வளையத்துக்கு வெளியே கால் பட்டால் தோல்வி. உள்ளங்காலைத் தவிர வேறு எது தரையைத் தொட்டாலும் தோல்வி. புரிந்ததா என்று மறுபடி கேட்டார். ரெங்கராஜ் புரிந்தது என்றார். ரிபாயிடம் மூச்சு விடவில்லை. மகளிடம் மட்டும் சொன்னார், மூணாவது பிடி நிஜம், வந்து பார் என்று.

வந்தாள். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு பிடியும் சொன்னபடி முடிந்தன. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்றாவதுக்குக் குனிந்தார்கள். மோதினார்கள். அம்மாடி, நேற்றுவரை அணைத்தது போலப் பிடித்த கை இன்று இடுப்புத் துணியை முறுக்கி இழுத்தது. எலும்பெல்லாம் கடகடத்தது. ரெங்கராஜ் பல்லைக் கடித்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஓர் அடி. இன்னும் ஓர் அடி. மொரிட்டாவின் குதிகால் கயிற்றின் மேல் ஏறியது. கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. சம்யுக்தா எழுந்து நின்றது கடைக்கண்ணில் தெரிந்தது. இன்னும் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

மொரிட்டா சட்டென்று உடம்பைத் திருப்பினார். தள்ளின வேகத்தில் ரெங்கராஜ் முன்னால் சரிந்தார். இடுப்பில் போட்ட பிடியை மொரிட்டா விடவில்லை. எதிரே கோடு மாதிரி கயிறு தெரிந்தது. அவ்வளவுதான், வாடிப்பட்டிக்காரனின் கை புத்தியைக் கேட்காமலே நீண்டு கயிற்றை ஓங்கி அடித்தது. கபடியில் பிடிபட்டவன் கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர்களெல்லாம் அவுட். ரெங்கராஜ் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

தரையைத் தொட்ட கை. தோற்றது அவர்தான். மால் வெடித்துச் சிரித்தது. எல்லோரும் சிரித்து முடிக்கிறவரைக்கும் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது தூக்கின கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மொரிட்டா மட்டும் இடுப்பு வளைய ஆழமாகக் குனிந்து வணங்கினார். அதற்கும் சிரித்தார்கள், பாவிகள்.

மேடைக்குப் பின்னால் ரிபாய் ஓடி வந்து தோளைத் தட்டினார். "மாஷா அல்லாஹ், கோட்டைத் தொட்டுட்டுக் கையத் தூக்குனீங்க பாருங்க அண்ணே, அதான் காமெடி. நாளைக்கும் அதையே வச்சுக்குவோம்."

பின்னாலேயே சம்யுக்தாவும் நளினியும் வந்தார்கள். மகள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளையே அப்பா ஏமாற்றிவிட்டாராம், என்ன நடிப்பாம். அவள் இவரைப் பார்த்துச் சிரித்துப் பேசி ரெண்டு நாளாகிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானமும் தப்பும், பிள்ளையும் பேசுவாள். ரெங்கராஜ் ரிபாய் பக்கம் திரும்பினார்.

"காமெடி இல்ல பாய். பழக்கத்துல கை போயிருச்சு. நான் தோத்துட்டேன்."

ரிபாய் முழித்தார். சம்யுக்தாவின் சிரிப்பு நின்றது.

"நிஜமாவே தோத்தீங்களாப்பா?"

"நிஜமாத்தாம்மா."

  அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ அவரோட கால் கயித்து மேல ஏறுச்சே, அது?"

"அதுவும் நிஜம்தான்."

வேர்வையில் ஊறிப்போயிருந்த அப்பாவை அவள் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.