புட்டெரிடோபைட்டா

எங்கள் வீட்டில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்த முதல் ஆள் நான். அச்சில் இருக்கும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், ஒன்றை விட்டாலும் திருட்டு என்று நம்பியிருந்தேன். நாகர்கோவிலில் இன்டர்மீடியட் படிக்கையில், தாவரவியல் வகுப்பில் பெரணிச் செடி இனத்தின் பெயரை வாசிக்கச் சொன்னார்கள். தலையில் நின்ற 'பி'யையும் விடாமல், "புட்-டெ-ரி-டோ-பைட்டா" என்று அசை பிரித்து முழங்கினேன்.

"ஏலே, புட்டு வந்தாச்சு! பயறும் பப்படமும் எங்கலே?" என்றது பின்வரிசைக் குரல்.

வகுப்பே சிரித்து உருண்டது. குரலுக்குரியவன் வக்கீல் மகன், காரில் வந்து இறங்குகிறவன். வகுப்பு முடிந்ததும் என் தோளில் கைபோட்டான். "மக்கா, பி-க்குப் பின்னால டி வந்தா பி ஊமையாக்கும். டெரிடோபைட்டான்னு சொல்லணும். ஒங்க வீட்டுல ஆரும் சொல்லித் தரலியா?"

அன்றுமுதல் நான் புட்டு. அதையும் பொறுத்திருப்பேன். ஒருநாள் புதுக்கடைச் சந்தையில், வாழைக்குலை சுமந்து நின்ற அப்பாவின் முன்னால், காரிலிருந்து "ஏ புட்டு!" என்று கத்திவிட்டுப் போனான்.

அப்பா சிரித்தார். "ஒனக்க கூட்டுக்காரனா மக்கா? செல்லப் பேரா?"

ஆமாம் என்றேன்.

கல்லூரி நூலகத்தின் பெரிய அகராதியில் தேடினேன். அவன் சொன்னது பாதிதான் சரி. சொல்லின் தலையில் நின்றால்தான் அந்தப் பி ஊமை. நடுவில் வந்தால் முந்தின அசையோடு ஒட்டிக்கொண்டு பேசும். பட்டாம்பூச்சி இனத்தின் பெயரில் அதே பி, அதே டி. லெ-பி-டாப்-டெ-ரா. யாரிடமும் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

விலங்கியல் வாய்மொழித் தேர்வுக்கு வரிசையில் நின்றோம். உள்ளே திருவனந்தபுரத்திலிருந்து வந்த பேராசிரியர். எனக்கு முன்னால் நின்ற வக்கீல் மகன் வியர்த்துத் திரும்பினான். "லே, பட்டாம்பூச்சிக்க பேர எப்பிடிலே சொல்லணும்?"

"பி-க்குப் பின்னால டி வந்தா பி ஊமைன்னு நீதானே மக்கா சொன்ன?"

தலையாட்டிவிட்டு உள்ளே போனான். கதவு திறந்தே கிடந்தது.

"லெபிடோடெரா."

"எந்தா?"

"லெபிடோடெரா, சார்."

மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னான். "பி எவிடே போயி?" என்று அவர் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்.

"புட்டு தின்னப் போயிருக்கும்" என்றேன், வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. வரிசை முழுக்கச் சிரித்தது. அடுத்து நான் போய், உதடுகள் ஒட்டி வெடிக்க, அந்தப் பி-யை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சோறுண்ண உட்கார்ந்ததும் அப்பா கேட்டார். "ஒனக்க கூட்டுக்காரன் பரிச்சையில நல்லாச் சொன்னானா?"

"ஒரு எழுத்த விட்டுட்டான்."

"அடப் பாவமே" என்று அப்பா உண்மையாகவே வருந்தினார். நான் இன்னொரு முறை சோறு போடச் சொல்லித் தின்றேன்.