மஸ்ட் சொல்ல வராத ஷமீம்

ஷமீம் இறந்துவிட்டாள். இன்று விடியற்காலையில்... வீட்டில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது.

திருமலைராயன்பட்டினத்துக்காரி. காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என்னோடு நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் தேர்வு எங்கள் இரண்டு பேருக்கும் நாளை சென்னையில்.

டூட்டி முடிந்ததும் பேச்சுப் பயிற்சி. ஒருத்தி நர்ஸ், ஒருத்தி நோயாளி. நோயாளி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பக்குவமாகச் சொன்னால்தான் மார்க்.

நான் திருவேட்டக்குடியில் மீன் ஏலம் விடுகிற வீட்டில் பிறந்தவள். வாயைத் திறந்தால் மஸ்ட்தான். "யூ மஸ்ட் டேக் திஸ் டேப்ளட்!" என்றதும் ஷமீம் போர்வையை உதறிவிட்டு எழுந்துவிடுவாள்.

"ஏண்டி செல்வி, நான் நோயாளியா, ஒங்கிட்ட மாட்டுன திருடியா? நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன், போ."

அவளுக்கு மஸ்ட் வரவே வராது. நெஞ்சுவலி என்று நான் துடித்து நடித்தாலும், "யூ ஷுட் ரெஸ்ட் எ லிட்டில்..." என்று இழுப்பாள். "நான் செத்தே போயிருவேன்டி! அட்மிட் ஆயே தீரணும்னு சொல்லு!" என்று கத்துவேன்.

விளையாட்டுக்கு என்னவெல்லாம் பேசியிருக்கிறோம்...

காலையிலேயே போய் முகம் பார்த்துவிட்டேன். அடக்கம் சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு. என் பஸ் அதற்கு முன்னால். இந்தத் தேர்வை விட்டால் வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போய்விடும், என் வீடே அதை நம்பித்தான் இருக்கிறது.

போவதா, இருப்பதா... பையோடு அவள் வீட்டு வாசலிலேயே நின்றேன். அவளுடைய உம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போயே ஆவணும்னு நாங்க சொல்லலம்மா. இருந்தே ஆவணும்னும் சொல்லல. ஒன் மனசுக்கு எது படுதோ அதைச் செய்யி."

யாராவது ஒருவர் அதட்டிச் சொல்லியிருந்தால் தேவலை. நானாகவே போய் பஸ் ஏறினேன்.

பஸ் சீர்காழி தாண்டிவிட்டது. இந்நேரம் தூக்கியிருப்பார்கள். செய்தது சரியா என்று தெரியவில்லை.

பக்கத்து சீட் அவள் பெயரில் ரிசர்வ் பண்ணியது. "இவங்க எங்கம்மா ஏறுவாங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

"பாண்டிச்சேரியில ஏறுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

போய் வாடி, ஷமீம்.