அம்மாவின் ஆவாரம்பூச் சேலை

புதுச் சீட்டித் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் முதலில் வருவது கோபம்தான். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காட்டில் உரித்த ஆவாரம்பட்டையை மாட்டு வண்டியில் ஏற்றித் தோல் பதனிடும் ‘ஷாப்பு’க்குக் கொண்டுவருவது அப்பாவின் வேலை, அந்தப் பட்டையை உலக்கை போட்டு இடிப்பது அம்மாவின் வேலை. ஒருநாள் ஆம்பூர்ச் சந்தையிலிருந்து மஞ்சள் ஆவாரம்பூ அச்சடித்த சேலை ஒன்றைக் கொண்டுவந்து, “உனுக்குத் தெரிஞ்ச பூவாச்சேன்னு எடுத்தாந்தேன்” என்று அப்பா வெட்கத்தோடு நீட்டினார். பட்டைக் கறை ஏறிச் சிவந்திருந்த கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்துதான் அம்மா அதைத் தொட்டாள். இதழில் ஓடும் சிவப்பு நரம்பைக்கூட விடாமல் எவனோ வரைந்திருந்தான்.

அதைக் கட்டிக்கொண்டு பள்ளிகொண்டாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அம்மா அப்படி நிமிர்ந்து நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பந்தலில், பட்டை ‘மண்டி’ வைத்திருந்தவரின் மனைவி கழுத்து நிறைய நகையோடு உட்கார்ந்திருந்தவள், அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இன்னாடி இது, நாளெல்லாம் பட்டை இடிக்கிறது பத்தலையா, ஒடம்புலயும் சுத்திக்கினு வந்துட்ட?” என்றாள். பெண்களெல்லாம் பந்தல் அதிரச் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாளே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடிப்பாவி, உன் கழுத்துச் சங்கிலி எந்தப் பட்டையை விற்று வந்தது? பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது அதே பூவை உன் வீட்டு வாசலில் செருகினால் மங்களம், என் அம்மா இடுப்பில் சுற்றினால் கேலியா? பந்தியில் உட்காராமலேயே திரும்பிவிட்டோம்.

“உடு, வேற மாத்தியாறேன்” என்றார் அப்பா.

“இன்னாத்துக்கு மாத்தணும்? நான் இன்னா திருடிக் கட்டிக்கினனா?” என்று அம்மா கூச்சல் போட்டாள்.

மறுநாள் காலை அதே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மேஸ்திரி வாயைப் பிளந்தாராம். “கல்யாண ஊட்டுக்குத்தான் ஆவலை, இங்கயாவது ஆவும்ல, மேஸ்திரி?” என்று கேட்டுவிட்டு உலக்கையை எடுத்தாளாம். ரோஷம் வந்தால் அம்மா அப்படித்தான். ராத்திரி துவைப்பாள், காலையில் அதையே கட்டுவாள். தூள் ஏறி ஏறி மஞ்சள் பழுப்பாகி, பூ எது துணி எது என்று தெரியாமல் போனது. நல்ல நாளுக்குக் கட்ட வேண்டிய சேலை பட்டைக் கொட்டகையிலேயே நைந்து கிழிந்தது.

இப்போது ஆவாரம்பட்டையைக் கேட்பாரில்லை. தோலுக்கு வேறு மருந்து வந்துவிட்டது. உரலும் இல்லை, மண்டியும் இல்லை. ஆனால் என் மகன் வீட்டில் ஜன்னல் திரை, மெத்தை உறை, காப்பித் தட்டு எல்லாவற்றிலும் ஆவாரம்பூ அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களெல்லாம் தடவிப் பார்த்து, அழகு அழகு என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குப் பந்தலில் ஒருத்தி சொல்லியிருந்தால், என் அம்மா சாப்பிட்டுவிட்டாவது வந்திருப்பாள்.