கோகுலனுக்கு எத்தனை எழுத்து

1. சும்மா வந்த சாமான்

வியாழக்கிழமை காலையில் கணினியைப் போட்டேன். எடிட்டிங் மென்பொருள் திறக்க மறுத்தது. அது காசு கொடுத்து வாங்கிய பிரதியல்ல. யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்தது. வருடக்கணக்காகப் பேசாமல் வேலை செய்துவிட்டு, ஓர் அப்டேட்டோடு கண்ணை மூடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கொடிகாமத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அங்கே பெரிய திரையில் ஓடவேண்டிய வீடியோ அரைகுறையாக உள்ளே கிடந்தது. நல்லவேளையாக, படம்பிடித்த கிளிப்புகள் வேறு டிஸ்கில் இருந்தன.

சாவகச்சேரியில் எங்கள் ஸ்டுடியோவின் முதலாளி தவம் அண்ணை. நான் அங்கே எடிட்டர். வீட்டில் நான் ஒரு திறமூல மென்பொருளில் பழகிக்கொண்டிருந்தேன். அதை எவரும் இறக்கிப் பாவிக்கலாம்; அதன் நிரலைப் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். அதிலேயே செய்து முடிக்கலாம் என்றேன்.

"சும்மா குடுக்கிறாங்கள் எண்டால் அதிலை ஏதோ வில்லங்கம் இருக்கும், சுமதி," என்றார் தவம் அண்ணை. அதுவரை அவர் பாவித்ததும் சும்மா வந்த சாமான்தான் என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

எங்கள் கணினி வயதானது. ட்ரோன் கிளிப்பை, துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் வைத்தால் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓடும். புதிய மென்பொருளில் ப்ராக்ஸி வசதி இருந்தது. பெரிய கிளிப் ஒவ்வொன்றுக்கும் அது ஒரு சின்ன நகல் செய்து தரும். நகலை வைத்து வெட்டி ஒட்டலாம்; முடித்த வீடியோவாக ரெண்டர் பண்ணும்போது அசலை எடுத்துக்கொள்ளும். ட்ரோன் கிளிப் வழுக்கிக்கொண்டு ஓடியதைத் தவம் அண்ணை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இதற்கு முதலாளி யார் என்று கேட்டார். ஒருவருமில்லை, உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து செய்கிறார்கள் என்றேன்.

"முதலாளி இல்லாமல் எப்பிடி வேலை நடக்கும்?"

கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பாட்டுக் காட்சி முழுவதையும் வெட்டி முடித்துவிட்டேன்.

2. பொன்னம்பலத்தாரின் ஆசை

பெண்ணின் தகப்பன் கரவெட்டியைச் சேர்ந்த பொன்னம்பலம். எதையும் தானே பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அவருக்கு நித்திரை வரும். மாப்பிள்ளை பெண்ணின் பெயர்கள் மட்டுமல்ல, இரண்டு வீட்டுப் பெரியவர்களின் பெயர்களும் தட்டச்சில் அடிப்பதுபோல, டக் டக் என்ற சத்தத்தோடு, எழுத்தெழுத்தாக வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மென்பொருளில் அதற்கென்றே ஒரு எஃபெக்ட் இருந்தது. போட்டேன். சத்தத்தையும் சேர்த்தேன். முழுதாக ஓட்டிப் பார்க்கத்தான் நேரமிருக்கவில்லை.

மறுநாள் அவரும் மகள் கௌசிகாவும் வந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் திரையில் வரத் தொடங்கியது. பொன்னம்பலத்தாருக்குத் திரையில் வருவதை வாய்விட்டு வாசிக்கிற பழக்கம்.

"க... கோ... கோக... கோகு... கோகுல... கோகுலன..."

கடைசியாக ஒரு டக். புள்ளி வந்து தலையில் குந்தியது. அவர் "கோகுலன்" என்று முடித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். எந்த வீடியோவிலும் குறைந்தது பத்துக் குறை சொல்கிற மனிதர் இப்படி வாய்மூடிப் போனது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை.

கௌசிகா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள்.

"அக்கா, கோகுலனுக்குக் கதைக்கேக்கை கொஞ்சம் திக்கும். சொந்தப் பேர் சொல்லத்தான் கூடக் கஷ்டம். மண்டபத்திலை உது இப்பிடி ஓடினால், வேணுமெண்டு செய்த பகிடி எண்டு சனம் நினைக்கும்."

எஃபெக்டை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தேன். நமக்கு 'கோ' ஓர் எழுத்து. கணினிக்குள் அது 'க' ஒன்று, அதைச் சுற்றிப் போடும் குறி ஒன்று என இரண்டு துண்டு. 'ன்' என்பதும் 'ன' ஒரு துண்டு, புள்ளி ஒரு துண்டு. எஃபெக்ட் எழுத்தை எண்ணவில்லை. துண்டுகளை எண்ணி, கோகுலனை ஏழாக்கி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தது.

எஃபெக்டைக் கழற்றினேன். 'கோ' ஒரு டைட்டில், 'கோகு' இன்னொன்று, 'கோகுல' இன்னொன்று என்று கையால் செய்து டைம்லைனில் அடுக்கினேன். பொன்னம்பலத்தாரின் பரம்பரையில் சின்னப் பெயர் வைத்தவர் ஒருவருமே இல்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். சனிக்கிழமையும் அதிலேயே போனது. வரவேற்பில் பெயர்கள் ஒழுங்காக வந்தன. பொன்னம்பலத்தார் மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தார்.

3. முறைப்பாடு

அடுத்த கிழமை கோகுலன் ஸ்டுடியோவுக்கு வந்தான். கௌசிகா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிழையைத் தான் பார்க்கலாமா என்று கேட்டான். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் பழைய கோப்பைத் திறந்து ஓட்டினேன். அவன் திரும்பவும் ஓட்டச் சொன்னான். பிறகு சிரித்தான். சிரிப்பு அடங்கியபின் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்:

"உந்த மெஷினுக்கும் என்ரை வருத்தம்தான், அக்கா. ஆனால் இதுக்கு வைத்தியம் இருக்கும்."

திறமூல மென்பொருளில் பிழை கண்டால் அதைச் செய்பவர்களுக்கே எழுதலாம். அதற்கென ஒரு இணையப்பக்கம் உண்டு. எங்களுடைய பிழையை அங்கே ஒருவரும் எழுதியிருக்கவில்லை. கோகுலனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். எழுதும்போது திக்கலும் இல்லை. நான் பிழை எப்படி வருகிறது என்று படிப்படியாகச் சொன்னேன். அவன் எழுதினான். பரிசோதிக்க ஒரு சின்னக் கோப்பும் வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. எந்தப் பெயரைப் போடுவது என்று யோசித்தேன். "என்ரை பேரையே போடுங்கோ," என்றான்.

மென்பொருளைச் செய்யும் தொண்டர்களில் ஒரு பெண் பதில் எழுதினாள். எந்த நாட்டுக்காரி என்று தெரியாது. தமிழ் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. உங்கள் மொழியில் ஓர் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டிருந்தாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பாலர் வகுப்பில் படித்ததுதான். அதை இன்னொருவருக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது. கொம்பு, விசிறி, புள்ளி போன்ற குறிகள் எதுவும் தனியே நிற்காது, தன் எழுத்தோடுதான் வரும் என்று எழுதினோம். மற்ற மொழிகளிலும் இதே சிக்கல் இருக்கும் போலிருக்கிறது என்று எழுதி அவள் நன்றி சொன்னாள்.

சில கிழமைகளில், வெளியிடுவதற்கு முந்திய பதிப்பொன்றைச் சோதித்துச் சொல்லும்படி அனுப்பினாள். 'கோ' சரியாக வந்தது. 'ஸ்ரீ' இன்னும் இரண்டாக உடைந்தது. அதையும் எழுதினோம், அதை அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்கள்.

இப்போது தவம் அண்ணை வாடிக்கையாளர்களிடம், "உந்த சாஃப்ட்வெயர் எங்கடை ஸ்டுடியோ சொல்லித்தான் திருத்தினது," என்று கதிரையில் சாய்ந்து கதைக்கிறார். ஸ்ரீலங்காவில் அதற்கு அவர்தான் ஏஜென்ட் என்று நம்பிப் போனவர்களும் உண்டு.

திருத்திய பதிப்பு வந்த அன்று கோகுலனைக் கூப்பிட்டேன். தன் பெயரைத் தானே தட்டச்சு செய்து, எஃபெக்டைப் போட்டு, ஓட்டினான். கோ. கு. ல. ன். ஒவ்வொரு டக்கோடும் அவனும் மெல்லச் சொன்னான். ஒன்றிலும் தடக்கவில்லை.

"நாலே எழுத்து, அக்கா," என்றான். "நான்தான் இவ்வளவு காலமும் ஏழாக்கிச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. பிழை கண்டால் அவசரத்துக்குக் கையால் ஒட்டுப்போடுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். எழுதி அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மொழி தெரியாமல் இருக்கலாம். தெரியாததைக் கேட்க அவருக்குத் தெரியும்.