எழுந்து போன சபை

சட்டக் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் நடத்துகிறவள் நான். சிறுபான்மையினரின் தன்னாட்சி எங்கே முடிகிறது, அரசின் இறையாண்மை எங்கே தொடங்குகிறது என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவேன். மலைமேல் வட்டக்கானலுக்குக் கீழே, பளியர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்த கிராம சபைக்குப் போய் வந்ததிலிருந்து அந்தக் கோட்டைப் போடக் கை வருவதில்லை.

என்னைக் கூப்பிட்டது அந்த ஊர்ப் பெண்தான். விடுமுறைக்கு நான் தங்கும் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். "எங்கள மலைய விட்டு எறங்கச் சொல்றாங்கக்கா. நீங்க வந்து கூட உக்காருங்க" என்றாள். அடிவாரத்தில் கான்கிரீட் வீடு தருகிறார்களாம். சபை சம்மதித்தால்தான் அவர்களை இறக்க முடியும் என்கிறது சட்டம். அந்தச் சம்மதத்தை வாங்கத்தான் வனத்துறை அதிகாரி வந்திருந்தார்.

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அதிகாரி குடித்துவிட்டுத் தீர்மானத்தை வாசித்தார். "யாருக்காவது ஆட்சேபனை இருக்காங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு மரங்களுக்குள் போனார். பின்னாலேயே இன்னும் சிலர். அப்புறம் பெண்கள்.

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. ஏகமனதான்னு எழுதுய்யா" என்றார் அதிகாரி, உதவியாளரிடம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், இவங்க எதுத்துப் பேச மாட்டாங்க. புருசன் பொண்டாட்டி சண்டைன்னாக்கூட ஒருத்தர் எந்திரிச்சுப் போயிருவாங்க. வேணாம்னு சொல்ற விதமே இதுதான்."

"சொன்னாத்தானே மேடம் எழுத முடியும்? ஒரே ஒருத்தர் வாயத் தொறந்து வேணாம்னு சொல்லட்டும், இப்பவே கிழிச்சுப் போடுறேன்."

ஓடினேன். என்னைக் கூப்பிட்டவள் நாவல் மரத்தடியில் குழந்தையோடு நின்றாள். கையைப் பிடித்தேன். "ஒத்த வார்த்தைம்மா. வேணாம்னு வந்து சொல்லு. இல்லேன்னா இந்த ஊரே போயிரும்." அவள் கையை மெல்ல உருவிக்கொண்டாள். குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். என் முகத்தைப் பார்க்காமல் இன்னும் உள்ளே போய்விட்டாள்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதிகாரி கேட்டதைத்தானே நானும் கேட்டேன்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் பெற்றோரை இங்கே கப்பலேற்றியபோது இரண்டு அரசுகளும் தமக்குள் பேசி முடித்துக்கொண்டன. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று வகுப்பு வகுப்பாக முழங்கியிருக்கிறேன். எப்படிக் கேட்பது என்று யோசித்ததே இல்லை.

திரும்பி வந்தபோது காலிப் பாய்கள்தான் கிடந்தன. அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"சார், சபைன்னா ஊர்ல பாதிப் பேராவது உக்காந்திருக்கணும். அதுவும் சட்டந்தான். இங்க யாரு இருக்கா, எண்ணுங்க."

அவர் பாய்களைப் பார்த்தார். உதவியாளர் பேனாவை மூடினார். கூட்டம் நடக்கவில்லை என்றுதான் எழுத வேண்டியதாயிற்று. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

ஜீப்பில் ஏறும்போது அதிகாரி சிரித்தார். "பரவாயில்லங்க மேடம். அடுத்த சபையக் கீழ பள்ளிக்கூடத்துல வெச்சுக்கிறோம். அங்க கேட் இருக்கு."

"பூட்டுவீங்களா?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். வண்டிச் சத்தம் அடங்கிய பிறகுதான் ஒவ்வொருவராக மரங்களுக்குள்ளிருந்து வந்தார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போயிட்டாங்களாக்கா?" என்று கேட்டாள். "போயிட்டாங்கம்மா" என்றேன். அந்தப் பள்ளிக்கூடத்துக் கேட்டை நினைத்துத்தான் பயமாக இருந்தது.