தையற்காரரின் தோள்

அன்று என் வீட்டு வாசலில் நின்றவர்கள் இவர்கள். ஊர் அம்பலகாரர். அம்மன் கோயில் பூசாரி. மருத்துவச்சி. என் மாமியார். தையற்காரர். நான். உள்ளே கயிற்றுக் கட்டிலில் என் சம்சாரம். முதல் பிரசவம், இரண்டாம் நாள் வலி.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே, பஸ் ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே. அம்மனுக்குக் காப்புக் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு ஊர் ஆண்கள் எல்லை தாண்டக்கூடாது, வண்டியில் மாடு பூட்டக்கூடாது. மீறினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும் என்பார்கள். நான் நம்பினேன். என் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு இருந்தது.

மருத்துவச்சி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பிள்ளை குறுக்க கெடக்கு. என் கைக்கு மிஞ்சிருச்சு. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இல்லேன்னா ரெண்டும் தங்காது."

அம்பலகாரர் கெட்டவர் அல்ல. ஊருக்குப் பொறுப்பானவர். "இன்னும் அஞ்சு நாளுதானப்பா. அம்மன் கைவிட மாட்டா" என்றார்.

"அஞ்சு நாளைக்குப் பிள்ளையப் பிடிச்சு வச்சுக்கச் சொல்லி அம்மன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார் என் மாமியார். பூசாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தையற்காரர் எங்கள் ஊர் இல்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து மிஷினோடு வந்து கடை போட்டவர். கறுப்புச் சட்டை. சாமி இல்லை என்பவர். காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. அவரோடு எனக்கு ஆகாது. ஒருமுறை, தைக்கக் கொடுத்த துணியை அவர் கடையிலிருந்து பாதியில் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். அன்று அவர் போய் ஒரு மூங்கிலோடு வந்தார். கட்டிலின் நாலு மூலையிலும் கயிறு போட்டு, அதை மூங்கிலில் தொங்கவிட்டார்.

"ஊருக்குப் பிழைக்க வந்த ஆளு நீங்க. எங்க வழக்கத்துல தலையிடாதீங்க" என்றார் அம்பலகாரர்.

"தலையிடலீங்க. தோளத்தான் குடுக்கிறேன். பின்னால ஒரு ஆளு வேணும்" என்றார்.

பின்னால் நான்தான் பிடித்தேன். மருத்துவச்சியும் மாமியாரும் கூடவே ஓடிவந்தார்கள்.

எல்லைக்கல்லில் என் கால் நின்றுவிட்டது. தையற்காரர் கல்லுக்கு அங்கிட்டு. நான் இங்கிட்டு. நடுவில் கட்டில் ஆடியது. தாண்டினால் இவள் போய்விடுவாள் என்று பயம். தாண்டாவிட்டாலும் போய்விடுவாள். காப்பைக் கழற்றிவிடலாம் என்று பல்லால் கடித்தேன்.

தையற்காரர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "கழட்டாத தம்பி. அது ஒன் கையிலயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது ஒன் தோளு."

கட்டிலிலிருந்து என் சம்சாரம் முனகினாள். "இறக்கி வச்சுட்டு சாவகாசமாப் பேசுங்க. எனக்கென்ன அவசரம்?"

தாண்டினேன்.

பஸ் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் பிள்ளை பிறந்தது. பெண். இரண்டு உயிரும் தங்கின. வராந்தாவில் அவர் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். வலது தோளில் தோல் உரிந்திருந்தது. நாலு மைலில் ஓரிடத்தில்கூட அவர் தோள் மாற்றவில்லை. மாற்றினால் கட்டில் குலுங்கும்.

"சாமியும் இல்லேங்கிறீங்க, புண்ணியமும் இல்லேங்கிறீங்க. பின்ன எதுக்குண்ணே செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள வலியில கத்துச்சு. எனக்குக் காது கேக்கும்" என்றார்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். காப்புக் கட்டியவனை எல்லை தாண்ட வைத்தது தையற்காரர்தான், அவரிடம் யாரும் துணி தைக்கக் கொடுக்கக்கூடாது என்று முடிவானது. கடை இரண்டு வாரம் வெறுமனே கிடந்தது. அவர் மிஷினைக் கட்டி எடுத்துப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அப்போது பூசாரி ஒரு சிவப்புத் துணியோடு கடைக்கு வந்தார். அம்மனுக்குச் சாத்தும் பாவாடைக்கு.

"அளவு தெரியுமுல்ல?" என்றார் பூசாரி.

"போன வருஷம் தச்சதுதானே. வளந்திருக்க மாட்டாங்க" என்றார் தையற்காரர்.

பூசாரி சிரித்தார். மிஷினைக் கட்ட உதவப் போயிருந்த நானும் சிரித்தேன். அம்மனே துணி கொடுத்த பிறகு ஊர் என்ன செய்யும்? அடுத்த நாள் அம்பலகாரர் வீட்டுத் துணியும் வந்தது. தையற்காரர் ஊரைவிட்டுப் போகவில்லை.

பெயரெடுக்கத்தான் செய்தார் என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் முன்னாலிருந்து பார்த்தவர்கள். நான் பின்னால் நடந்தவன். இரக்கம் சாமியிடமிருந்து வருகிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பூசாரிக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். தையற்காரருக்கு எங்கிருந்தோ வந்தது. நான் இன்றும் வருஷம் தவறாமல் காப்புக் கட்டுகிறேன். அந்தக் கறுப்புச் சட்டைக்குப் பின்னால் நடந்தவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. காப்புக் கட்டிய கையும் மூங்கிலைப் பிடித்த கையும் ஒரே கைதான்.

அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு முடியாமல் போனாலும் எங்கள் இருவரையும்தான் கூப்பிட்டார்கள். பாம்பு கடித்தவர், பனையிலிருந்து விழுந்தவர், பிள்ளைத்தாய்ச்சிகள். காப்பு நாளிலும் போனோம். யாரும் தடுக்கவில்லை. அவர் முன்னால், நான் பின்னால். இப்போது ஊருக்குள்ளேயே பஸ் வருகிறது. ரோடு வரும்வரை நாங்கள் தூக்கிப் போனது இருபத்துமூன்று பேர். உயிரோடு திரும்பியது பத்தொன்பது.